வலது ஓரத்தில் நான்கு விரல்

ஏழுமடையில் ஒருவரை அவமானப்படுத்தத் திட்ட வேண்டியதில்லை, அடிக்க வேண்டியதில்லை, கல்யாணத்தன்று குடும்பப் போட்டோவில் வலது ஓரத்தில் நிறுத்தினால் போதும். அந்த ஊரின் ஒரே ஸ்டுடியோவிலிருந்த ஒரே கேமரா, பங்குனித் தேரைப் படமெடுக்கப் பந்தல்கால் மேல் ஏறிய மாசானமுத்துவின் கழுத்திலிருந்து நழுவி விழுந்த நாள் முதல், அவர் துளை வழியாகப் பார்த்ததை எடுக்காமல் அதற்கு நான்கு விரல் இடப்பக்கம் தள்ளி எடுத்துக்கொண்டிருந்தது. படத்தின் இடது ஓரத்தில் யாருக்கும் வேண்டாத நான்கு விரல் வெறும் சுவர் விழும். வலது ஓரத்தில் நிற்பவர் பாதியாகிப் போவார், ஒரு கண், அரை மூக்கு, ஒரு தோள், அவ்வளவுதான், அவருடைய இடது கை இந்த உலகத்தில் இருந்ததற்கே சாட்சி இருக்காது.

"அண்ணாச்சி, ஓரம் வெட்டுப்பட்டுப் போச்சே" என்று யாராவது பிரிண்டை நீட்டினால், மாசானமுத்து அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என் கண்ணுக்கு முழுசாத் தெரிஞ்சுதே" என்பார். இருபத்தேழு வருடமாக அதே பதில். கேமராவைப் பழுது பார்க்கக் கொடுத்தால் தன் கண்ணைக் குற்றம் சொன்னதாகிவிடும் என்று அவர் நினைத்தார்.

அவர் கேமராவை மாற்றவில்லை, ஆகவே ஊர் தன்னை மாற்றிக்கொண்டது. புதிதாக வந்த மருமகளை வலது ஓரத்தில் நிறுத்தினார்கள், புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்ட அத்தையை நிறுத்தினார்கள், சீர் சரியில்லாமல் வந்த சம்பந்தியை நிறுத்தினார்கள், கூப்பிடாமல் வந்த பெரியப்பாவை நிறுத்தினார்கள். பிறகு மாசானமுத்து பத்திலிருந்து ஒன்று வரை இறங்கு வரிசையில் எண்ணுவார், எண்ணி முடித்து "ம்" என்று சொல்லும் வரை ஒருவரும் அசையக் கூடாது, ஈ உட்கார்ந்தாலும் தட்டக் கூடாது, அசைந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவரே ஒரு நாள் சொல்லப்போய் அது சாஸ்திரமாகிவிட்டது. ஓரத்தில் நின்றவர்களும் அசையாமல்தான் நின்றார்கள், தாங்கள் பாதிதான் விழப்போகிறோம் என்று தெரிந்தே நின்றார்கள்.

ஸ்டுடியோவின் மாடியில் ஓர் அறை இருந்தது. கண் மூடிய மாப்பிள்ளைகள், ஆடிப்போன பெண்கள், வெயில் புகுந்து வெளுத்த தாத்தாக்கள் என்று யாரும் வாங்கிக்கொள்ளாத படங்களெல்லாம் அங்கே சாக்குகளில் கிடந்தன. பக்கத்திலேயே இன்னொரு சாக்கு. கீழ்க்கடையில் தையல் மிஷின் போட்டிருந்த மரியபுஷ்பம், பிளவுஸ் பிட்டு, லேஸ் நுனி, ஃபால்ஸ் துண்டு, உதிர்ந்த சமிக்கி என்று மிஞ்சுவதையெல்லாம் கூட்டி அள்ளி மேலே அனுப்பிவிடுவாள். "கொட்ட எடமில்ல, உங்க மாடி சும்மாத்தான கெடக்கு" என்பாள். இந்த இரண்டு சாக்குகளுக்கும் நடுவில் மாசானமுத்துவின் மகள் உலகேஸ்வரி உட்கார்ந்திருப்பாள். பாளையங்கோட்டையில் படித்துப் பட்டம் வாங்கி வந்தவள், ஊர் அவளை உலகு என்றுதான் கூப்பிடும். கூச்சக்காரி. ஒரு வாக்கியத்தை அவள் தொடங்கி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார், அதனால் பாதி வாக்கியங்களை அவள் தொடங்குவதேயில்லை. ஆனால் கண் எல்லாவற்றையும் பார்க்கும். கண் மூடியவர்களை வெட்டி எடுத்து நீல ஃபால்ஸ் துணியின் மேல் படுக்கவைத்து நல்ல தூக்கம் கொடுப்பாள், ஆடிப்போனவர்களுக்கு லேஸில் ஊஞ்சல் கட்டிக் கொடுப்பாள். அப்படி ஒட்டிய ஒன்றைக் கோயம்புத்தூரில் ஒரு துணி மில்லின் டிசைன் பிரிவுக்கு அனுப்பியிருந்தாள், அவர்கள் ஆவணி பத்துக்குள் வேலைக்கு வந்து சேரச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தார்கள். அவள் காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டு வைத்தாள்.

கடிதம் வந்த அதே வாரம்தான் பூரணியின் கை வளர்ந்தது.

பூரணி திரும்பி வந்த அத்தைகளில் ஒருத்தி. அண்ணன் மகள் கல்யாணப் படத்தில் வலது ஓரத்தில் பாதியாக நின்றிருந்தாள். உலகு அந்தப் பாதிக்குப் பக்கத்தில் ஓர் அட்டையைச் சேர்த்து, மிச்சத் தோளுக்குப் பச்சை பிளவுஸ் பிட்டும், கைக்குச் சந்தன நிற லைனிங் துணியும் வெட்டி மைதாப் பசையால் ஒட்டி, வெயிலில் காய வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது பசை காய்ந்திருந்தது. பிளவுஸ் பிட்டு பிளவுஸ் பிட்டாக இல்லை, அது பூரணியின் தோளாக இருந்தது, மற்றப் பாதியைப் போலவே கொஞ்சம் மங்கிய போட்டோவாக இருந்தது, லைனிங் துணி இருந்த இடத்தில் நரம்பு தெரியும் ஒரு கை, அந்தக் கைக்குள் இரண்டு முழம் பூ, கசங்கி, சாறு விட்டுப்போய்.

உலகு அதைக் கீழே கொண்டுபோய் மரியபுஷ்பத்திடம் காட்டினாள். மரியபுஷ்பம் மிஷினை நிறுத்தாமலே பார்த்தாள். "தையல் தெரியல. சுத்தமா ஒட்டியிருக்க" என்றாள். பிறகு பூரணிக்கு ஆள் அனுப்பினாள்.

பூரணி வந்து பார்த்தாள். "இந்தப் பூவா" என்றாள். "பிள்ளைக்கு வைக்கணும்னு நாந்தான் கட்டிக் கொண்டு போனேன். நீ தொடாதன்னு சொல்லிட்டாக. எங்க போட்டேன்னு இன்னைய வரைக்கும் தெரியலயே." படத்தை முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் டீக்கடையில் இதே பேச்சு. "எத்தன மொழம் இருக்கும்?" என்று ஒருவர் கேட்டார்.

"ரெண்டு."

"மல்லியா, பிச்சியா?"

"பிச்சி."

"அப்ப சரிதான், அவ பிச்சிதான் கட்டுவா" என்று டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவினார். துணி எப்படிக் கையானது என்று அந்த ஊரில் அன்றும் யாரும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. எந்தப் படத்தைக் கொடுத்தால் எத்தனை நாளில் கிடைக்கும் என்றுதான் கேட்டார்கள்.

முதலில் வந்தவர்கள் பாதியாகிப் போனவர்கள், படத்தை மடியில் மறைத்துக்கொண்டு, வெயில் தாழ, ஒவ்வொருவராக. உலகு ஒட்டிக்கொடுத்தாள். வெட்டுப்பட்ட நான்கு விரலில் அந்த நேரத்தில் என்ன இருந்ததோ அது வந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு மருமகளின் இடது கை மாமியார் முந்தானையில் குத்தியிருந்த ஊக்கை மெதுவாகக் கழற்றிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட வாத்தியார்கள் படத்தில் டிராயிங் வாத்தியாரின் இடது கையை, படத்துக்கே வராமல் வெளியே நின்ற தையல் டீச்சரின் கை பிடித்திருந்தது. இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டியிருந்தது, மறு மாதமே பதிவுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். தகப்பன் சாவுக்குத் தம்பி வரவேயில்லை என்று பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவருடைய படத்தில், பாடைக்கு அந்தப் பக்கம், வெட்டுப்பட்ட இடத்தில், தம்பி ஈரவேட்டியோடு நின்றிருந்தான். அண்ணன் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார், தம்பியிடம் அதற்குப் பிறகும் பேசவில்லை, ஆனால் யாராவது கேட்டால், "வந்திருந்தான்" என்று மட்டும் சொல்வார்.

பிறகு நிறுத்தியவர்கள் வந்தார்கள், பயந்துகொண்டே வந்தார்கள். ஓரத்தில் நிறுத்திய ஒவ்வொருவரின் இடது கையும் அந்த நேரத்தில் என்ன செய்தது என்று தெரியாமல் அவர்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் செத்தவர்கள் படம், மற்ற நாட்களில் உயிரோடிருப்பவர்கள் படம் என்று பஞ்சாயத்தில் முறை வைத்தார்கள். கல்யாண வீடுகளில் வலது ஓரத்துக்கு அடிதடியானது. கை முழுதாக, தெளிவாக, உலகு ஒட்டிக் கொடுத்த கையாக வரவேண்டும் என்று மாப்பிள்ளை, பெண், தாய்மாமன் எல்லோரும் ஓரத்துக்கு ஓடினார்கள், நடுவில் போட்ட நாற்காலிகளில் பூரணிகள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லோரையும்விடச் சந்தோஷப்பட்டவர் மாசானமுத்து. ஒட்டி முடித்த ஒவ்வொரு படத்தையும் வாங்கித் தன் கண்ணருகே வைத்துப் பார்த்து, "இதத்தான் நான் பாத்தேன். இதேதான். அன்னைக்கே சொன்னேன்லா?" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். இருபத்தேழு வருடத்துப் பொய் என்று ஊர் சிரித்ததெல்லாம் நிஜமாகிவிட்டது. அவர் நடையே மாறியது. அதை உலகு பார்த்தாள், பார்த்த பிறகு கடிதத்தைப் பற்றிப் பேசுவது அவளுக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

ஆடி பிறந்ததும் ஒரு நாள் தைரியப்படுத்திக்கொண்டு, "அப்பா, ஆவணி பத்து" என்றாள்.

"இந்தக் கட்டு முடியட்டும் தாயி" என்றார் அவர். அந்தக் கட்டு முடிந்தபோது இரண்டு கட்டு வந்திருந்தது. போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், சண்டைகூடப் போட்டிருப்பாள். எல்லோரும் தலையைத் தடவி, "போயிட்டு வா தாயி, நல்லா இரு, என்னோடத மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போ" என்றார்கள். ஏழுமடையில் ஆயிரத்து நானூறு வீடு, வீட்டுக்கு வீடு ஓரத்தில் ஆள். கூட்டம் படியேறி அறைக்குள் வந்து அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தது, அவள் கூசிக் கூசிச் சிறியதாகிப் போனாள், அதைப் பார்த்த மாசானமுத்து கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டு, "பிள்ள உள்ள இல்ல" என்று சொல்லிக் கூட்டத்தைத் திருப்பி அனுப்பினார். அது அவள் நிம்மதிக்காகப் போட்ட தாழ்ப்பாள். காலையில் போட்டால் மதியச் சாப்பாட்டுக்குத் திறக்கும், பிறகு விளக்கு வைக்கும்போது திறக்கும். ஜன்னலுக்குக் கீழிருந்து மரியபுஷ்பம் கத்துவாள்: "ஏட்டி உலகு, உசுரோட இருக்கியா? இன்னா, ரோஸ் பிட்டு வருது, கயித்த விடு!" உலகு கயிற்றை விடுவாள், பொட்டலம் மேலே வரும். உள்ளே வருவதற்கு மட்டும் எல்லாவற்றுக்கும் வழி இருந்தது.

ஆடிக் கடைசியில், மாப்பிள்ளை கூட உள்ளூரிலேயே பார்த்துவிட்டார்கள் என்று மரியபுஷ்பம் சொன்னாள். "கடைத்தெரு தாண்டி நாலாவது வீடு. கல்யாணம் முடிஞ்ச மறுநாளே நீ இங்க வந்து ஒட்டலாமாம். பஞ்சாயத்துல பேசி முடிச்சுட்டாக. உன்கிட்ட கேட்டாகளா?"

"இல்ல" என்றாள் உலகு.

"உனக்கு எத்தன இஞ்சு கையின்னு மட்டும் என்கிட்ட கேட்டுட்டுப் போயிருக்காக, கல்யாண ஜாக்கெட்டு தைக்க" என்றாள் மரியபுஷ்பம். சிரித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தவள், சிரிக்காமல் முடித்தாள்.

அன்று உலகு ஊர்ப் படங்களை ஒதுக்கி வைத்துவிட்டுத் தன் படத்தை எடுத்தாள். பத்து வயதில் எடுத்தது. அம்மா செத்துப்போவதற்கு முந்தின மாதம். நடுவில் அம்மா, சுற்றிச் சித்திகள், மாமாக்கள், யாரை ஓரத்தில் நிறுத்தினாலும் சண்டை வரும் என்று மாசானமுத்து கேமராவுக்குப் பின்னாலிருந்து யோசித்தார். பிறகு, "நீ ஓரமா நில்லு தாயி, நீதான் கோவிச்சுக்க மாட்ட" என்றார். அவள் நின்றாள், கோபித்துக்கொள்ளவில்லை. படத்தில் ஒரு கண்ணும் ஒரு பின்னலும் ஒரு தோளுமாக இருந்தாள். ஊர் முழுவதற்கும் கை ஒட்டியவள் இதை மட்டும் இத்தனை நாள் தொடவில்லை, தன் இடது கை அன்று என்ன செய்தது என்று அவளுக்கே ஞாபகமில்லை, தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருந்தது.

ரோஸ் பிட்டை வெட்டி ஒட்டினாள். காய்ந்தது. சின்னக் கை ஒன்று வந்தது, ஆனால் அது முழுதாக அட்டைக்குள் அடங்கவில்லை, நீண்டு வெளியே எதையோ பிடிக்கப் போயிருந்தது. அவள் இன்னோர் அட்டை சேர்த்துக் கறுப்புத் துணி ஒட்டினாள். கதவு வந்தது, கதவில் கொக்கி, கொக்கியின் மேல் அவளுடைய விரல்கள், பாதி தூக்கியபடி. பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. கதவுக்கு அப்பால் ஒட்டினாள், அந்த நாளின் தெரு வந்தது, தெருவில் குடம் வைத்த பெண்கள், அப்புறம் குளத்தங்கரை, அப்புறம் தார் ரோடு, மைல் கல். ஆவணி பிறந்த பிறகும் நாள் முழுதும் ஒட்டினாள், ஊர்ப் படக் கட்டுகள் சாக்கு சாக்காக ஏற, அவள் சுவரோடு சுவராகத் தன் படத்தை வலது பக்கமே நீட்டிக்கொண்டு போனாள், இன்னும் கொஞ்சம் ஒட்டினால் கோயம்புத்தூர் வந்துவிடும் என்பதுபோல. ஆனால் சுவர்கள் நான்கு. முதல் சுவர் முடிந்து இரண்டாவது, இரண்டாவது முடிந்து மூன்றாவது, ரோடும் பனைகளுமாகப் படம் அறையைச் சுற்றி வந்து, ஆவணி ஆறாம் தேதி, அது தொடங்கிய படத்தின் இடது ஓரத்தில், யாருக்கும் வேண்டாத அந்த நான்கு விரல் வெறும் சுவரில் வந்து முட்டியது. எவ்வளவு தூரம் ஒட்டினாலும் அந்த அறைக்குள்தான் ஒட்ட முடியும். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்தாள். சுற்றிலும் ரோடு ஓடிக்கொண்டிருந்தது.

மதியம் மாசானமுத்து தாழ்ப்பாளைத் திறந்து சாப்பாட்டைக் கொண்டு வந்தார். அன்றுதான் சுவரை நிமிர்ந்து பார்த்தார். தட்டைக் கையில் வைத்தபடியே ரோட்டைப் பின்தொடர்ந்து அறையைச் சுற்றி நடந்தார், பனைகளைக் கடந்து, குளத்தைக் கடந்து, தெருவைக் கடந்து, கதவுக்கு வந்து, கொக்கியின் மேலிருந்த அந்தச் சின்ன விரல்களின் முன்னால் நின்றார். "இதத்தான் நான் பாத்தேன்" என்று அவர் சொல்லவில்லை. அன்று துளை வழியாகப் பார்த்தபோது அந்தக் கை அவர் கண்ணில் முழுதாகத் தெரிந்திருக்கும். தெரிந்தும் பத்திலிருந்து ஒன்று வரை எண்ணியிருக்கிறார்.

"சாம்பார் ஆறுது" என்று சொல்லித் தட்டை வைத்துவிட்டுப் போனார். தாழ்ப்பாள் போடும் சத்தம் வழக்கம்போலக் கேட்டது.

மறுநாள் ஊரில் தகவல் சொன்னார். ஏழுமடை மொத்தத்தையும் ஒரே படத்தில் எடுக்கப்போகிறார், எட்டாம் தேதி காலை பத்து மணிக்கு, ஒரு வீடு விடாமல் வரவேண்டும். இடம் பஸ் நிற்கும் வேப்பமரத்தடி. "அங்க மூஞ்சில வெயிலடிக்குமே அண்ணாச்சி, கோயில் வாசல் நல்லாருக்குமே" என்றார் பஞ்சாயத்துத் தலைவர். "கேமராவுக்கு எது நல்லாருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார் மாசானமுத்து. அந்தக் கேமராவைப் பற்றி அவரிடம் யாரும் வாதாட முடியாது.

எட்டாம் தேதி ஊர் மொத்தமும் ஆறு வரிசையாக நின்றது. ஓரத்துக்கான தள்ளுமுள்ளு அடங்கவே அரை மணி ஆனது. நடுவில் சிவப்பு நாற்காலி ஒன்றைப் போட்டு, மாலை போட்டு, உலகை உட்காரவைத்தார்கள். இருபத்து மூன்று வருடத்தில் முதல்முறையாக நடு. இரண்டு பக்கமும் முன்னும் பின்னும் ஆட்கள், கையைக்கூட அசைக்க இடமில்லை.

மாசானமுத்து துளையில் கண் வைத்தார். கண்ணை எடுத்தார். "நடு சரியில்ல" என்றார். "உலகு, எந்திரிச்சு ஓரமா நில்லு தாயி."

கூட்டம் சலசலத்தது. "பிள்ளைக்காகத்தான மாலை வாங்கிருக்கு!" என்றார் தலைவர்.

"எல்லாரும் ஓரத்துக்கு அடிச்சுக்கிடுதீக, ஒருத்தி நின்னாத்தான் தீரும்" என்றவர், மகளைப் பார்த்தார். "நீதான் கோவிச்சுக்க மாட்ட."

அந்தச் சொல் அவளைப் பத்து வயதில் சுட்ட இடத்திலேயே மறுபடி சுட்டது. அவள் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுத் தலை குனிந்து வரிசையைக் கடந்து போய் வலது ஓரத்தில் நின்றாள். அங்கே வேப்பமரத்து வேரில் ஒரு பை சாய்த்து வைத்திருந்தது. பச்சை, ரோஸ், கறுப்பு, லைனிங்கில் மிஞ்சிய சந்தன நிறம், எல்லாப் பிட்டும் சேர்த்துத் தைத்த பை. பக்கத்தில் நின்ற மரியபுஷ்பம் உதட்டை அசைக்காமல், "உங்கப்பா தைக்கச் சொன்னாரு. கடுதாசி உள்ள இருக்கு. நெசமா பொய்யான்னு என்னையத் திரும்பிப் பாக்காத, கேமராவப் பாரு" என்றாள்.

"அசையக் கூடாது" என்றார் மாசானமுத்து. "இன்னைக்கு ஊரே நிக்கி, பத்து காணாது. நூறுலருந்து எண்ணுதேன். ம் சொல்ற வரைக்கும் ஒரு தலையும் திரும்பக் கூடாது."

நூறு என்றார். ஏழுமடை மூச்சைப் பிடித்துக்கொண்டது. தொண்ணூற்று மூன்றில் பஸ் வரும் சத்தம் கேட்டது. எண்பத்தைந்தில் அது வேப்பமரத்துக்குப் பின்னால் வந்து நின்றது. கண்டக்டர் விசில் கொடுத்தார், பஞ்சாயத்துத் தலைவரின் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது, ஒருவரும் திரும்பவில்லை. மாசானமுத்து துளையிலிருந்து கண்ணை எடுக்காமல் எண்ணிக்கொண்டே போனார், எழுபதுகளில் அவர் குரல் மெதுவாகியது, அறுபத்தொன்றுக்குப் பிறகு அடுத்த எண்ணே மறந்துவிட்டதுபோல நின்றது, கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு பஸ் நகரும் சத்தம் வந்தது, அது குளத்தங்கரை திரும்பித் தேயும் வரை பொறுத்திருந்து அவர் அறுபது என்றார். மிச்சத்தையும் ஒன்று விடாமல் எண்ணினார். "ம்" என்றார்.

பிரிண்டு வந்தபோது முகங்களெல்லாம் தெளிவாக இருந்தன, ஒருவர் கண்ணும் மூடவில்லை, ஏழுமடையில் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். இடது ஓரத்தில் வழக்கமான நான்கு விரல் வெறுமை. வலது ஓரத்தில் மரியபுஷ்பத்தின் பாதி, ஒரு கண், அரைச் சிரிப்பு. அதற்கு அப்பால் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள ஊர் தவித்தது. பூரணி பிளவுஸ் பிட்டு ஒட்டிப் பார்த்தாள், டிராயிங் வாத்தியார் அளவெடுத்து வெட்டி ஒட்டிப் பார்த்தார், வெயிலில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தார்கள். பசை காய்ந்தது. துணி துணியாகவே இருந்தது.

கடைசியில் படத்தைத் தூக்கிக்கொண்டு மாசானமுத்துவிடமே வந்தார்கள். மாடி அறைக் கதவில் தாழ்ப்பாள் கழற்றப்பட்டு, ஆணி அடித்த நான்கு ஓட்டை மட்டும் இருந்தது.

"பாருங்க அண்ணாச்சி, ஓரம் வெட்டுப்பட்டுப் போச்சு" என்றார் தலைவர். "பிள்ள எப்படிப் போனா? அழுதாளா? திரும்பிப் பாத்தாளா? அந்த எடது கை என்னதான் செஞ்சுது?"

மாசானமுத்து படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, அந்த ஓரத்தையே நெடுநேரம் பார்த்தார்.

"என் கண்ணுக்கு முழுசாத் தெரிஞ்சுது" என்றார்.